செல்வி போடாத குழிகள்

இந்த வாரப் பத்தியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. வெட்கப்பட்ட கதைதான்.

நவி மும்பை வாஷியில் எங்கள் டெஸ்டிங் லேப். செல்வி அங்கே டெக்னீஷியன். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக உலோகத் துண்டுகளைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து தருவது அவள் வேலை.

போன செவ்வாய்க்கிழமை வந்தது த்ரீ-டி பிரிண்டரில் செய்த டைட்டானியம். உலோகப் பொடியை மெல்லிசாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு... இப்படியே கட்டி எழுப்புவார்கள். எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே வைக்கும் பிளேட் செய்யப் போகிறார் கஸ்டமர். அவரும் லேப் ஆட்களும் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாகக் குழிகள்.

“பாலிஷ் பண்ணத் தெரியலைன்னா சொல்லிடு, வேற ஆள் போட்டுக்கறேன்” என்றேன். கஸ்டமருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியில்! அவர் சங்கடத்தோடு போனைப் பார்த்தார்.

செல்வி மறுபடி தேய்த்தாள். மறுபடியும் குழி. மூன்றாவது தடவை முடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். “எல்லாக் குழியும் ஒரே வரிசையா படுத்துக் கெடக்கு சார். பீஸைத் திருப்பி வச்சித் தேச்சாலும் அதே வரிசைதான். என் கைக் கோளாறுன்னா வரிசை மாறணும்லா?”

எவ்வளவு சரியான கேள்வி? நான் என்ன சொன்னேன்? “வேலையைப் பாரு.”

இருபத்தைந்து வருஷ அனுபவம் பேசியது — வார்ப்பு உலோகத்தில் கிடைத்த அனுபவம். பிரிண்ட் செய்த உலோகத்தை நான் பார்க்கத் தொடங்கியதே சமீபத்தில்தான்.

வெள்ளிக்கிழமை அதே உலோகத்தில் செய்த கம்பிகளை மெஷினில் மாட்டி இழுத்தோம். நல்ல டைட்டானியம் அறுவதற்கு முன் கொஞ்சமாவது நீளும். இவை நீளாமலே பட்டென்று போயின. உடைந்த இடத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்... குழிகளுக்குள் உருகாத பொடி, குட்டிக் குட்டி உருண்டைகளாக அப்படியே இருந்தது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே லேசர் சரியாக உருக்காமல் விட்ட இடங்கள். செல்வி சொன்ன அதே வரிசை.

அந்த பிளேட் ஒருவர் காலுக்குள் போயிருந்தால்?

ரிப்போர்ட் அனுப்பினேன். கஸ்டமர் போனில், “உங்க பார்வையே தனி சார்” என்றார். நான் மறுக்கவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பியபின், காரிடாரில் செல்வியை நிறுத்தி சாரி சொன்னேன். தலையாட்டினாள். பிறகு சொன்னாள், “ஏசும்போது எல்லாரும் இருந்தாங்கல்லா சார்.”

திட்டுவதற்கு ஆட்களைக் கூட்டி வைத்துக்கொள்கிறோம். மன்னிப்புக்கு மட்டும் ஏன் ஆளில்லாத காரிடாராகப் பார்க்கிறோம்?

சமாளிக்க வேண்டுமே... “என் பத்தியில எழுதிடறேன்மா. நிறைய பேர் படிப்பாங்க” என்றேன்.

“எனக்குத் தமிழ் படிக்க வராது சார். ஹிந்தி மீடியம்.”

திங்கட்கிழமை கஸ்டமரை வரவழைத்தேன். லேப் முழுக்க ஆட்கள். குழிகளைக் கண்டுபிடித்தது செல்வி, அவளைத் திட்டியது என் தவறு என்று ஹிந்தியில் சொன்னேன். நாலு வாக்கியத்துக்குள் வியர்த்துவிட்டது. கஸ்டமர் எழுந்து அவளுக்குக் கைகொடுத்தார்.

செல்வி என்னைப் பார்த்து, “அடுத்த பீஸ் குடுங்க சார்” என்றாள்.

மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.