வளைவுக்கு அந்தப் பக்கம்

நான் கட்டிய கதையாக இருந்தால், அதில் என்னை இவ்வளவு பெரிய முட்டாளாகக் காட்டியிருக்க மாட்டேன். அதனால் நம்புங்கள். இது நடந்தது.

முதல் தப்பு என்னுடையது. ஆக்லாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திய ஞாயிற்றுக்கிழமை அது. கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்தை ஏற்கெனவே கூட்டியிருந்தார்கள். நானும் ஒருமுறை கூட்டினேன். எனக்குத் தொழில், மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது.

கூட வந்தவன் யசீகரன். நியூ லின்னில் என்னோடு வேலை பார்ப்பவன். யாழ்ப்பாணத்துக்காரன். அவன் மனைவி ஷாமிலாவுக்கு இது ஒன்பதாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் ஒரு நீண்ட நடை போக ஆசைப்பட்டான். "ஆறு மணிக்குள்ள உங்க ஆளைத் திருப்பிக் கொடுத்துடுறேன்மா" என்று அவளிடம் சொன்னது நான்தான்.

மேற்குக் கரையில் பாலைவனம் போலக் கருமணல். அதைத் தாண்டினால் பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகலான பள்ளங்கள். பிறகு கடலுக்குள் நீட்டிய ஒரு பாறை மூக்கு. அதைச் சுற்றிப் போனால், கல்லிலேயே இயற்கையாய் அமைந்த, வாசல் போன்ற பெரிய வளைவு. தண்ணீர் ஏறிவிட்டால் மூக்கைச் சுற்றித் திரும்ப முடியாது. ஒன்றரை வரை நேரம் இருக்கிறது என்பது என் கணக்கு.

உண்மையில் பன்னிரண்டரைதான்.

12:10. வளைவின் கீழே உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம்.

"அண்ணை, தண்ணி கிட்ட வருகுது போல கிடக்கு."

"உன்னைப் பார்க்க வருதுடா. சாப்பிடு."

எதிரொலி கேட்கலாமே என்று வளைவைப் பார்த்து "ஓய்!" என்று கத்தினேன்.

எதிரொலி வரவில்லை.

தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் கல். ஆனாலும் வரவில்லை.

12:19. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"வாங்க... இந்தப் பக்கம் வழி இருக்கு..."

தமிழ்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஆட்கள் இல்லாத இடம் உண்டா? "தோ வர்றோங்க!" என்று எழுந்தேன்.

யசீகரன் எனக்கு முன்பே எழுந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணை... ஷாமிலா கூப்பிடுறா."

"உளறாதடா. அவ மவுண்ட் ஆல்பர்ட்ல வீட்டுல இருக்கா."

"அவதான். 'இஞ்ச வாங்கோ' எண்டு சொல்லுறா."

எனக்குக் கேட்டது இஞ்சயும் இல்லை, வாங்கோவும் இல்லை. சுத்தமான மதுரைத் தமிழ். என் ஊர்த் தமிழ்.



மீண்டும் கூப்பிட்டது. இந்த முறை பக்கத்தில்.

மணலைப் பார்த்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஈர மணல், இஸ்திரி போட்டதுபோல. ஒரு காலடி கூட இல்லை.

யசீகரன் நடக்கத் தொடங்கினான்.

அவன் பையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கோ அண்ணை. அவ அழுகிறா..."

"விட மாட்டேன்டா."

12:26. குரல் என் காதுக்குள். "வாங்க..."

ஓடினோம். ஓடினோம் என்ன, அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மூக்கடியில் இடுப்பளவு தண்ணீர்.

அலை...

அவன் கை...

பிடித்திருந்தேன்.

மாலை 5:05. கருமணல் முழுக்க நடந்து திரும்பியிருந்தோம். வண்டி நிறுத்துமிடத்தில் வனக்காவலர் ஒருவர், நரைத்த தாடிக்காரர், இன்னும் ஈரம் காயாத எங்கள் உடையைப் பார்த்தார். குரலைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை.

"உங்களை எந்த மொழியில் கூப்பிட்டது?" என்று கேட்டார்.

யசீகரன் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "தமிழ்."

"போன வருடம் கொரிய மொழி. அதற்கு முன்னால் போர்ச்சுகீசியம்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு? மழுப்பாமல் சொல்லுங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"ஒன்றும் இல்லை. நாற்பது மீட்டர் உயரப் பாறைச் சுவர். வழியே கிடையாது. எனக்குத் தெரிந்து மூன்று பேர் அந்தப் பக்கம் போனார்கள். பைகள் மட்டும் கிடைத்தன. கடல் ஏறி இறங்கிய பிறகுதான் எடுத்தோம். மூன்றும் நனையவே இல்லை."