பச்சைத் தோல் வார்

இன்று காலை ஏழே கால் மணிக்கு, தோல் மண்டி வாசலில் பதனிடாத பச்சைத் தோல் வார் ஒன்று வெயிலில் காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் அக்காவும் நானும் பக்கத்து வீட்டு சலோமியும் ஆம்பூர் மலையில் புதையல் தேடப் போனோம். தலைச்சன் பிள்ளையைக் கட்டி வைத்தால் புதையல் பாறை திறக்கும் என்று ஊரில் சொல்வார்கள். எங்களில் தலைச்சன் அக்கா மட்டும்தான்.

“இன்னாக்கா, பயமா?” என்றேன்.

“சீக்கிரம் அவுத்துடுங்கடி,” என்று சிரித்தபடி வலது கையை நீட்டினாள்.

அப்பாவின் தோல் தொட்டியிலிருந்து எடுத்து வந்த ஈர வாரால் அவள் மணிக்கட்டை வேலமரத்தில் கட்டினேன். பாறை திறக்கவில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு வேறு பாறை தேடிப் போனோம். பச்சைத் தோல் காய்ந்தால் இறுகும் என்பது எங்கள் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும்.

உச்சி வெயிலில் திரும்பினோம். வார் சதைக்குள் புதைந்திருந்தது. எங்களிடம் கத்தி இல்லை.

அக்கா இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறாள்.