‘க்வாய்’ என்று ஒரு வார்த்தை

இரண்டு வருடங்களுக்கு முன், குவைத்தில் ஃபஹாஹீலில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. எதிர் ஃபிளாட்டில் ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம். வீட்டுக்குள் கான்டனீஸ் மொழிதான் பேசுவார்கள். மகன் தட்டைக் காலி செய்துவிட்டால் அந்த அம்மா "க்வாய்!" என்பார். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று எனக்கு அர்த்தமும் சொன்னார். அது பிடித்துப்போய், என் மூன்று வயது மகளையும் "க்வாயா இருக்கணும், தெரியுதா?" என்று மிரட்ட ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம், காய்ச்சலில் படுத்திருந்த மகளுக்குத் திடீரென்று கை கால்கள் வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகிக்கொண்டன. கணவர் பாலைவன சைட்டில் டியூட்டி, போன் போகவில்லை. நான் போட்ட அலறலில் எதிர் வீட்டம்மா கார் சாவியோடு ஓடி வந்தார்.

வழியிலேயே வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியதும் மகள் வீறிட்டாள். அந்த அம்மா அவள் தலையைத் தடவி, "க்வாய், க்வாய்" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது.

"குழந்தை வலியில துடிக்குது. இப்பப் போய் அடங்கி இருன்னு சொல்றீங்களே!" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்திவிட்டேன்.

பரிசோதனைக்காக மகளை உள்ளே கொண்டுபோனார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். கணவர் நம்பரை அழுத்துவேன், வைப்பேன், மறுபடி அழுத்துவேன். நர்ஸ் யார் வந்தாலும் பின்னாலேயே ஓடினேன். எவ்வளவு நேரம் போனதோ, மலையாளி டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"பேடிக்கண்டா, பயப்படாதீங்க. காய்ச்சலால வந்த வலிப்புதான். குழந்தை நல்லா இருக்கு."

தரையிலேயே உட்கார்ந்து தேம்பினேன். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "க்வாய்... க்வாய்..."

என்னை க்வாய் என்று சொல்ல, நான் அப்போது யார் பேச்சைக் கேட்டேன்? அவரிடமே கத்தியவள் அல்லவா! ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தேன்.

"அழற பிள்ளையை நீங்க என்ன சொல்லித் தேத்துவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லடா கண்ணுன்னு சொல்லுவோம்."

"இதுவும் அதுதான்," என்றார்.

சாயங்காலம் கணவர் லைனில் கிடைத்தார். மறுநாள் மகள் வீடு திரும்பினாள். இன்றைக்கும் யாராவது எனக்குப் பழகாத மொழியில் ஏதாவது சொன்னால், கோபப்படுவதற்கு முன் அவர்கள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.