முந்திக்கொண்ட செல்

என் கணவர் மூச்சு விட ஒரு மெஷின் வேண்டும். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்பும் மெஷின். கல் குவாரியில் வருஷக்கணக்கில் தூசி தின்றதற்குக் கிடைத்த சன்மானம் அது. எங்கள் ஊர் முசரவாக்கத்தில் கரண்ட் அடிக்கடி போகிறதென்றுதான் காஞ்சிபுரம் டவுனுக்கே குடிவந்தோம். எங்கள் நேரம், கிடைத்த மாடி வீடு தேரோடும் வீதியில் இருந்தது.

தேரன்று அந்த வீதியில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். தேரின் உச்சி இடிக்கும் என்று குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றி வைப்பார்கள். தேர் வீதியைக் கடந்த பிறகுதான் திரும்ப மாட்டுவார்கள். அது வரைக்கும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் ஊர் வழக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

எனக்குத் தொழிலே பேட்டரிதான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் போர்டுகளுக்கு சால்டர் வைத்துக்கொண்டிருந்தவள், வேலை போனபின் வீட்டிலேயே இன்வெர்ட்டருக்கு பேட்டரி கட்டிக் கொடுக்கிறேன். அவருக்காகவும் ஒன்று கட்டினேன். எட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், அவற்றின் தலையில் ஒரு காவல் போர்டு. இந்த செல்லை மூன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வரை ஏற்றலாம். அதற்கும் மேலே போனால் வயிறு உப்பி, வாயைத் திறந்து எரியக்கூடிய வாயுவைக் கக்கும். போர்டு ஒவ்வொரு செல்லாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். எட்டில் ஒன்று வரம்பைத் தொட்டாலும் மொத்த சார்ஜையும் நிறுத்திவிடும்.

கடையில் இரண்டு வகை போர்டு இருந்தது. ஒன்று தாராளம். செல்லைக் கடைசி விளிம்பு வரை விட்டுத்தான் நிறுத்தும். இன்னொன்று கறார். நான் கறாரானதையே எடுத்தேன். ஆக்சிஜன் கசிகிற அறையில், அவர் தலைமாட்டில் வைக்கிற பேட்டரிக்கு வேறு எதை எடுக்க முடியும்? இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

வினை வேறு வழியாக வந்தது. பார்சலில் ஒரு செல் நசுங்கி வந்ததால் வேறு சமயத்தில் தயாரான பேட்ச்சிலிருந்து ஒன்றை மாற்றி அனுப்பினார்கள். அந்த ஒன்று மற்ற ஏழையும் முந்திக்கொண்டு நிரம்பியது. அது நிரம்பியதும் போர்டு கதவைச் சாத்திவிடும். மற்ற ஏழும் முக்கால்கூட ஏறியிருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். கரண்ட் இழுப்பது நின்றதும் சார்ஜரில் பச்சை விளக்கு எரியும். பார்ப்பவர்கள் நிரம்பிவிட்டதென்று நினைப்பார்கள்.

தேரன்று காலையிலும் பச்சை எரிந்தது. நான் மெயின் கரண்டில் மெஷினை ஓடவிட்டு, பேட்டரியின் மூடியைக் கழற்றி மீட்டரால் ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதான் பச்ச எரியுதே, இன்னாத்துக்கு நோண்டிக்கினு இருக்குற?" என்றார் அவர்.

"நீங்க பேசாதீங்க, மூச்சு வாங்கும்."

ஆட்டோ ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த முந்திரிக்கொட்டை செல்லில் மட்டும் மாட்டி, அதை வடித்தேன். அது இறங்கினால் மற்றவை கொஞ்சம் ஏறும். மறுபடி ஏற்றினேன், மறுபடி வடித்தேன். பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தபோதே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மெஷின் பேட்டரிக்கு மாறியது.

தேர் சீக்கிரம் கடந்துவிட்டால் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பட்ட காலிலே படும் என்பார்கள். தேர் எங்கள் வீட்டு முனையில் வந்து திரும்பாமல் நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள், வடம் இழுக்கிறார்கள், அசையவில்லை. வீட்டுக்கார அம்மா கீழிருந்து கூப்பிட்டார்.

"சாமி நம்ம வாசல்லயே நிக்குதும்மா! இன்னா பாக்கியம், வந்து பாரு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாமியையே ஏதாவது சொல்லியிருப்பேன். பால்கனியிலிருந்து லைன்மேனைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணே, மூச்சு மெஷின் ஓடிக்கினு இருக்குதுண்ணே! எங்க வூட்டுக்கு மட்டும் குடுங்கண்ணே!"

"கம்பியே கயட்டி வெச்சிருக்குதும்மா. தேரு போவாம நா இன்னா பண்றது?"

லைன்மேன் மேல் தப்பில்லை. ஆம்புலன்ஸ் வரவும் வழியில்லை. தெரு முழுக்கத் தலைகள். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகி, நிரப்பக் கடைக்குப் போயிருந்தது. தேருக்காக அந்தக் கடையும் மூடியிருந்தது.

மெஷின் கீச்சென்று கத்தி நின்றது. அடிவரை வற்றினாலும் செல் கெட்டுவிடும் என்பதால், ஏறும்போது போலவே இறங்கும்போதும் போர்டு கதவைச் சாத்திவிட்டது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயால் காற்றைத் தேடினார். உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறியது. நான் போர்டுக்குப் போகும் தடித்த ஒயரைப் பிடுங்கி, போர்டை விட்டுவிட்டு நேராக செல்லில் மாட்டினேன். பொறி பறந்தது. மெஷின் மறுபடி ஓடியது. எந்த ஆபத்துக்குப் பயந்து கறாரான போர்டைத் தேடினேனோ, அதே அறையில் இப்போது எந்தக் காவலும் இல்லை. ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்கள் சுடுகின்றனவா என்று தடவிக்கொண்டே இருந்தேன். வெளியே பெரிய ஆரவாரம் எழுந்தது. தேர் நகர்ந்துவிட்டது.

கரண்ட் வந்தது. அவர் பிழைத்தார். அடிவரை வற்றியதில் செல்கள் உப்பி வீணாகிவிட்டன.

மறுநாள் செல் விற்பவருக்கு போன் போட்டேன். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். என் கணவர் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"புது ஸ்டாக் வந்திருக்குதும்மா. நல்ல போர்டு போட்டு ஓட்டுங்க, பத்து வருஷம் கவலையே இல்ல" என்றார் விற்பவர்.

என் கணவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. அவர் ஆயுசுக்கு டாக்டர் வருஷக் கணக்கே சொல்வதில்லை என்பது அவருக்கும் தெரியும். செல்லுக்குள் இருக்கிற இரும்பும் பாஸ்பரஸும் பத்து வருஷம் இருக்குமாம்.

"பத்து வருஷம்லாம் எனக்கு எதுக்கும்மா?" என்றார் மெதுவாக. "அடுத்த தேரு வரிக்கும் வர்றாப்புல எதனா இருக்குதான்னு கேளு."

போனில் விற்பவர் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். எட்டும் ஒரே பேட்ச்சில் கிடைக்குமா என்று கேட்டேன்.