பதினொரு விளக்கும் நீவெஸின் காய்ச்சலும்

டைரக்டர் எவரிஸ்தோ கல்வானி பதினொரு சிரிப்புப் படம் எடுத்தவர். அதில் ஒன்று, ஒரு தபால்காரனைப் பீடை என்று ஊரைவிட்டே துரத்தும் கிராமத்து மூடர்களைப் பற்றியது. ரோம் நகரமே வயிறு வலிக்கச் சிரித்தது. அவருடைய எல்லாப் படத்திலும், எந்தக் காட்சியில் யார் என்ன உடுத்தினார், கோப்பையில் எவ்வளவு காப்பி மிச்சம் என்று நோட்டில் குறித்தவள் நீவெஸ் தம்பூரினி. புருஷன் போரில் போய்விட்டான். அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

பன்னிரண்டாவது படத்தில் விளக்குகள் வெடிக்கத் தொடங்கின. நான் அங்கே லைட்மேன். ஒயரெல்லாம் போருக்கு முந்தியவை. மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டேன். தயாரிப்பாளர் காதில் ஏறவில்லை. மேக்கப்மேன் சொன்னதுதான் எல்லோர் காதிலும் ஏறியது.

"நேத்து வெடிச்சப்ப பக்கத்துல நின்னது யாரு? அவதானே!"

மறுநாள் முதல் நீவெஸைக் கண்டால் ஆண்கள் பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தொட்டார்கள். இரும்பைத் தொட்டால் பீடை அண்டாதாம்! பெயரைச் சொல்லவும் பயம், "அந்தம்மா" என்றார்கள். சாப்பாட்டு மேசையில் அவளைச் சுற்றி நான்கு நாற்காலி காலி.

வெள்ளிக்கிழமை நான் விளக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போதே கல்வானி அவளைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் வீட்ல ஓய்வெடும்மா."

நீவெஸ் நோட்டை விரித்தாள். "இதுவரை பதினேழு வெடிச்சிருக்கு சார். பதினொண்ணு நான் காய்ச்சல்ல கிடந்த மூணு வாரத்துல. பாருங்க, எனக்குப் பதிலா வந்த பொண்ணு எழுதினது."

அவர் முகம் வெளுத்தது. "அவ்வளவு தூரத்துல இருந்தே பதினொண்ணா?"

அவருடைய பைக்குள் சாவிக்கொத்து கிணுகிணுத்தது. கிராமத்தானைக் காட்டிக் காசு பார்த்த மனிதர்! என் வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அதற்குள் அவளே பேசினாள்.

"ஆமா சார். வீட்டுக்கு அனுப்பினா பதினொண்ணு, பக்கத்துல வச்சுக்கிட்டா ஆறு. யோசிச்சுக்குங்க. இன்னொண்ணு, புது ஒயர்னா என் கண்ணு பலிக்காது."

திங்கட்கிழமை புது ஒயர் வந்தது. பிறகு ஒன்றுகூட வெடிக்கவில்லை. கல்வானி சாவிக்கொத்துக்கு முத்தம் கொடுத்தார்.

அடுத்த ஏழு படத்திலும் நீவெஸ் இருந்தாள். நாற்காலிகளும் காலியாகவே இருந்தன. ஒன்றில் கோட்டு, ஒன்றில் நோட்டு, ஒன்றில் கால் நீட்டிச் சாப்பிட்டாள். ஒரு கையில் தட்டோடு போன என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதல்ல பைக்குள்ளேர்ந்து கைய எடுய்யா. அப்புறம் உக்காரு."