கூரம் சாலையில் ஒதுங்காத லோடு

அன்று காலை எனக்கு இரண்டு போன் வந்தன. முதலாவது எங்கள் டிரைவர் தாஸிடமிருந்து. கூரம் போகும் சாலையில், சிறுபாலத்துத் திருப்பத்தில் டிரெய்லர் மாட்டிக்கொண்டது, முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் வரவில்லை, கிரேன் அனுப்பச் சொல்லுங்கள் என்றார். கிரேன்காரரோடு நான் வெகுநேரம் மல்லுக்கட்டி, ஒருவழியாகக் கிரேன் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டாவது வந்தது. ஏகாம்பரம் அண்ணனின் மனைவி லோகு அண்ணி பேசினார்.

"கோமதி, உங்க அண்ணன் பூட்டாரும்மா."

எங்கே, எப்படி என்று கேட்டேன்.

"ஆம்புலன்ஸ்லயே. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குதான் இட்டுக்கினு வந்தோம். பாலத்தாண்ட பெரிய லாரி ஒண்ணு குறுக்க நின்னுக்கினு இருந்துச்சு. வண்டி போவல."

யாருடைய லாரி என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. அந்த லாரிக்குக் கிரேன் பிடித்து அனுப்பியவளே நான்தான்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு அஞ்சலி எழுத வேண்டும் என்று நம் லாரிச் சங்கத்து மலருக்காகக் கேட்டார்கள். ஒரு பக்கம் போதும், நல்லவிதமாக இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். நல்லவிதமாக என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கடமை, கண்ணியம், ஈடு செய்ய முடியாத இழப்பு. அவரைத் தெரிந்த உங்களிடம் அப்படியெல்லாம் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் சிடுமூஞ்சி. வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டியதே இல்லை. என்னைக் கடைசிவரை "கம்ப்யூட்டரு" என்றுதான் கூப்பிட்டார். நான் அவரைச் சிடுசிடு என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. சாலையை விட அகலமான, பாலம் தாங்குமா என்று யோசிக்க வைக்கிற கனமான சரக்குகளை எங்கள் கம்பெனி ஏற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மர், கொதிகலன், காற்றாலை இறக்கை, இப்படி. அந்த மாதிரி லோடு யார்டு கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் போக்குவரத்து அலுவலகம், நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், போலீஸ் எல்லாரும் சரி என்று சொல்ல வேண்டும். அந்தச் சரியை வாங்குவது எங்கள் பொறுப்பு. நான் உட்கார்ந்து விண்ணப்பம் போடுவேன். அவர் போகிற வழியைப் பார்த்துவிட்டு வருவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவரோடு வழி பார்க்கப் போனேன். ஜீப்பின் முன்னால் லோடின் உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியைக் கட்டியிருந்தார். கழி எந்தக் கம்பியிலாவது உரசினால் இறங்கிப் பார்ப்பார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் கம்பியே இல்லாத இடத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போனார். நான் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. பார்த்தால், மரத்தடி மண்ணைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒதுங்கும், எழுதிக்கோ" என்றார்.

"எதுண்ணா ஒதுங்கும்?"

"லோடுதான். இது நடக்கிற நடைக்குப் பின்னாடி ஒரு ஊரே சேர்ந்துக்கும். அவங்க போவ வாணாமா?"

விண்ணப்பத்தில் அதற்கு இடமே இல்லை என்றேன். "அதுல இல்லாங்காட்டி, பின்னாடி நிக்கிறவன் இல்லைன்னு ஆயிடுமா?" என்று எரிந்து விழுந்தார். ஊருக்குள் வந்த பிறகு அவராகவே சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையம். அங்கே காலையில் தெருவின் நீளத்துக்கு நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது அவசரமாக வந்தால் பாவு நீட்டியவர்கள்தான் அதைத் தூக்கிப் பிடித்து வழி விட வேண்டும். வருகிறவரைச் சுற்றிப் போ என்று சொல்லும் பழக்கம் இல்லை.

"தெருவ யாரு அடைச்சிக்கினு கீறானோ அவன்தான் வழி உடணும், கம்ப்யூட்டரு. நாமதான் அடைச்சிக்கினு போறோம்."

இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று தெரியாது. எங்கள் டிரைவர்களுக்கெல்லாம் மனப்பாடம். பின்னால் வண்டி சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் லோடு ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். நிற்காமல் வந்துவிட்ட டிரைவரை அவர் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது.

திருப்புட்குழிப் பக்கம் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். கொதிகலன் லோடு. பர்மிட் அன்று மாலையோடு முடிகிறது. ஊர்ந்து போய்க்கொண்டிருந்த லோடுக்குப் பின்னால் ஒரு கல்யாண வேன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தது. உள்ளே மாப்பிள்ளை, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. ஒதுங்கும் இடம் வந்ததும் அண்ணன் லோடை நிறுத்தச் சொன்னார். போனில் முதலாளி கத்துவது ஜீப்பில் இருந்த எல்லாருக்கும் கேட்டதாம். இவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாலையில் நின்று வேனுக்குக் கை காட்டினார். தாண்டிப் போகும்போது மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தலையை வெளியே நீட்டி, இவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். ஒரு நன்றி கிடையாது. அண்ணன் சிரித்தார் என்று தாஸ் சொன்னார். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் எல்லாரும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

"திட்டிக்கினே போறான் பாரு. போறான் இல்ல? அது போதும்."

பர்மிட் காலாவதியாகி, லோடு சாலையோரத்திலேயே நின்றது. புதிதாக வாங்கும்வரை முதலாளி இவரிடம் பேசவில்லை. இவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முதலாளி பேசாமல் இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்றார்.

பிறகு முதலாளியின் மருமகன் பொறுப்புக்கு வந்தார். கெட்டவர் இல்லை. எல்லாரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அவசரம், அவ்வளவுதான். கழி கட்டிய ஜீப்பைப் பார்த்தால் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். லோடு எப்போது போய்ச் சேரும் என்று கேட்டதற்கு மருமகன் அன்றைக்கே என்று சொல்ல, அண்ணன் குறுக்கே புகுந்து, "இல்லிங்க, அங்கங்க ஒதுங்கி நின்னுதான் போவும். மறுநாள்தான்" என்றார். வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் அண்ணனை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் முறையாக நடந்தது. அந்தப் பொன்னாடையை, கண்ணாடி துடைக்க ஆகும் என்று தாஸிடம் கொடுத்துவிட்டு, மூங்கில் கழியை ஷெட்டின் கூரையில் செருகிவைத்துவிட்டு, லோகு அண்ணியின் ஊரான கூரத்துக்கே குடிபோனார்.

அதற்குப் பிறகு வழி பார்ப்பது நின்றுபோயிற்று. கம்ப்யூட்டர் திரையில் வரைபடத்தைப் பார்த்தால் போதும் என்று ஆனது. கூரத்துக்கு அப்பால் புதிதாக எழும்பும் துணை மின்நிலையத்துக்கு இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் போக வேண்டும் என்று வேலை வந்தபோது, எங்கே ஒதுங்கும் என்று நான் மருமகனிடம் கேட்டேன்.

"அப்ளிகேஷன்ல அந்தக் கேள்வியே இல்லையே மேடம்" என்றார்.

உண்மைதான். இல்லை. நீளம் கேட்டார்கள், அகலம் கேட்டார்கள், எந்த அச்சில் எவ்வளவு பாரம் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் எழுதினோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பர்மிட் சீக்கிரம் வந்துவிட்டது என்று மருமகன் ஆபீஸுக்கே ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். முதல் டிரான்ஸ்ஃபார்மரோடு தாஸ் புறப்பட்டார். அது பாலத்துத் திருப்பத்தில் மாட்டி, சாலையின் இரண்டு ஓரத்தையும் அடைத்துக்கொண்டு நின்றபோது, எங்களிடம் இல்லாத அனுமதி என்று ஒன்றுகூட இல்லை. சட்டப்படி யார் மேலும் குற்றம் கிடையாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று காலை அண்ணனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்திருக்கிறது. பாலத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. முன்னால் பஸ், டிராக்டர், மோட்டார் சைக்கிள்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கள் லோடின் சிவப்புக் கொடி. வேறு வழியில் சுற்றிப் போகலாம் என்று திரும்பப் பார்த்தால் பின்னாலும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. சைரனைக் கேட்டுத் தாஸ் இறங்கி ஓடி வந்திருக்கிறார். உள்ளே படுத்திருப்பது யார் என்று பார்த்ததும் அழுதுவிட்டாராம். அண்ணனுக்கு அப்போது நினைவு இருந்திருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"தாஸு, இங்க ஏண்டா மாட்டிக்கினே? அந்தாண்ட ஏரி முனையில எடம் இருக்குதே."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை என்று அண்ணி சொன்னார். வலி தாங்காமல் முனகிக்கொண்டே கிடந்திருக்கிறார். கிரேன் வந்து, லோடு நகர்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கு வேலை இருக்கவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாலையில் உடலை அதே சாலையில் கூரத்துக்குக் கொண்டுபோனோம். நான் பின்னால் ஆட்டோவில் போனேன். ஏரி முனையில், அண்ணன் சொன்ன அதே இடத்தில், எங்கள் டிரெய்லர் நன்றாக ஓரங்கட்டி நின்றது. டிரைவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்று கும்பிட்டார்கள். சாலை விரியத் திறந்து கிடந்தது. செத்த பிறகு அவருக்கு அவ்வளவு பெரிய வழி கிடைத்தது. அந்த மரியாதையைப் பார்க்கப் பிடிக்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதலாளி ரோஜா மாலையோடு வந்திருந்தார். "எல்லாம் விதிம்மா" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை.

"விதின்னா சரிங்க. உங்க வண்டிக்கு அந்த ஏரி முனை காலையிலயே தெரியாதா? சாயங்காலம்தான் தெரிஞ்சுதா?"

முதலாளி மாலையைப் போட்டுவிட்டுக் காருக்குப் போனார்.

மறுநாள் எங்கள் யார்டு இருக்கும் தெருவில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் குறுக்கே, அண்ணன் முகம் பெரிதாக. எங்கள் நிறுவனத்தின் தூண் என்று எழுதியிருந்தது. அதைக் கட்ட யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் கேட்பதும் இல்லை. மூன்றாம் நாள் காலி டிரெய்லர் ஒன்று வெளியே போக வேண்டியிருந்தது. தாஸ் ஷெட்டுக்குள் போய் அந்த மூங்கில் கழியை எடுத்துவந்து ஃபிளெக்ஸைத் தூக்கிப் பிடித்தார். டிரெய்லர் அண்ணன் முகத்துக்குக் கீழே நுழைந்து போனது. அவர் ஓய்வுக்குப் பிறகு, தெருவை அடைத்த நாங்களே தூக்கிப் பிடித்து வழி விட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கடைசியில் எழுதுவது வழக்கம். அவருடைய கோபத்தை வைத்துக்கொள்கிறேன். எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் உண்டு, இரண்டும் சேர்ந்து போதுமானதாக இருக்கும். அவர் கேட்ட கேள்வியையும் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர் புறப்பட வேண்டும். பர்மிட் வந்து என் மேசை டிராயரில் இருந்தது. எங்கே ஒதுங்கும் என்று சொல்லாமல் தர மாட்டேன் என்று டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். மருமகன் மேடம், மேடம் என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். வேலையை விட்டு அனுப்பலாம். எனக்கும் ஒரு பொன்னாடை வரும். தாஸ்தான் கழியை ஜீப்பில் கட்டிக்கொண்டு போய் வழி பார்த்துவிட்டு வந்து, பாலத்துத் திருப்பத்தில் வண்டியை வளைக்கும் விதத்தையும் ஒதுங்கும் இடங்களையும் வரிசையாகச் சொன்னார். அதன் பிறகு டிராயரைத் திறந்தேன்.

லோடு போன அன்று தாஸ் போன் செய்தார்.

"கோமதிக்கா, ஏரி முனையாண்ட ஒதுக்கிட்டேன். ஆனா பின்னாடி ஒரு வண்டி இல்ல. ரோடு காலியா கீது. கெளம்பட்டா?"

"இல்ல தாஸ். நில்லு."

"யாருமே இல்லக்கா. யாருக்கு நிக்கிறது?"

"பரவால்ல. கொஞ்ச நேரம் நில்லு."