மண்ணெண்ணெய்க் கார்

போரால் பெற்றோல் தடை இருந்த காலத்தில், மூச்சிழுப்பால் திணறிய என் மனைவியைப் பருத்தித்துறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக அயல்வீட்டுக்காரரின் பழைய கார்தான் கிடைத்தது; அவரே ஓட்டினார். சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். போத்தலில் மிஞ்சியிருந்ததை அவர் விட்டபோது எண்ணினேன்: பதினொரு சொட்டு.

வழியில், வல்லைவெளியில் கறுத்த புகை காருக்குள்ளே வந்தது. அவள் இன்னும் திணறினாள்.

"கொஞ்சம் நிப்பாட்டும் தம்பி, புகை அடங்கட்டும்" என்றேன்.

"நிப்பாட்டினா பிறகு தள்ளினாலும் கிளம்பாது அண்ணை. அக்காவின்ரை முகத்தை யன்னலுக்கு வெளியாலை பிடியுங்கோ."

பிடித்தேன்.

ஆசுபத்திரியில் வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார். வெளியே வந்தேன். கார் உறுமிக்கொண்டே நின்றது.

"அக்கா எப்பிடி?"

"நிப்பாட்டாதையும் தம்பி, வீட்டை கொண்டுபோகவேணும்" என்றேன்.